நம் முகத்துக்குப் பின்னால் தொங்கும் படுதா

எங்கள் அம்மாவுக்கு மொத்தம் இரண்டே படங்கள். ஒன்று கல்யாணத்தின்போது டவுன் ஸ்டுடியோவில் எடுத்தது. இன்னொன்று அவள் செத்த பிறகு அந்தப் படத்திலிருந்து செய்தது. செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் படம் கருப்பு வெள்ளை. பின்னால் சாயத்தில் வரைந்த படுதா. வளைந்து ஏறுகிற படிக்கட்டு, உருண்டைத் தூண்கள், ஒரு ஏரி, இரண்டு அன்னம். அப்பா வெள்ளைச் சட்டையில் நிற்பதால் தப்பித்தார். அம்மாவின் முகம் தூணின் நிழலோடு போய் ஒட்டிக்கொண்டது. முகம் எங்கே முடிகிறது, தூண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மூக்குத்தி மட்டும் தனியாக மின்னும். அன்னம் ரெண்டும் பளிச்சென்று தெரியும்.

2018இல் அம்மா இறந்தபோது மாலை போடப் படம் வேண்டுமே என்று அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் ஏரியையும் அன்னத்தையும் அழித்துவிட்டு நீல வானத்தை வைத்தார்கள். வானத்துக்கு முகம் பொருந்தவில்லையாம், முகத்தை வெளுத்தார்கள். படம் வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இது யாரு? எந்த ஊட்டுப் பொம்பளடா இது? எந் தங்கச்சி கருப்புடா" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. வருஷா வருஷம் அந்த வெளுத்த பொம்பளைக்குத்தான் படையல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். ஆறு வருஷம் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்தான். லைட் பிடிப்பான், ஸ்டாண்டு தூக்குவான், மண்டபத்தில் ஒயர் சுருட்டுவான். கேமராவைத் தோளில் சுமக்க விடுவார்கள், கண்ணில் வைக்க விடமாட்டார்கள். வெறுத்துப்போய் காலனி வீட்டின் முன்னறையிலேயே சொந்தமாக ஆரம்பித்துவிட்டான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு பழைய கேமரா, இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைக் குடை. எனக்குப் போன் போட்டான். "அக்கா, படுதா வாங்கணும். கடையில நூறு தினுசு வச்சிருக்கான். நீ நாலெழுத்துப் படிச்சவ, எது நல்லதுன்னு சொல்லு."

நான் படித்தது எம்.ஏ. தமிழ். படுதாவைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று சிரித்தேன். யோசித்தால் அதில் படுதாவைத் தவிர வேறொன்றும் இல்லை. குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, நெய்தல் என்றால் கடல். முன்னால் தலைவனும் தலைவியும். ஐந்து நிலமும் ஐந்து படுதா. அந்தப் படுதாக்களுக்கு முன்னால் நிற்க யாருக்கு உரிமை? அடியோருக்கும் வினைவலருக்கும் தொல்காப்பியம் புறத்தே இடம் ஒதுக்குகிறது. புறம் என்றால் கைக்கிளையும் பெருந்திணையும் என்று உரையாசிரியர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அதாவது ஐந்திணைக்கு வெளியே. வேலை செய்கிறவன் காதலித்துக்கொள்ளலாம், ஆனால் மலையும் கடலும் பின்னணியாக வராது. இதை வகுப்பில் கேட்டபோது பேராசிரியர் அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார்.

படுதா வெறும் துணிதானே, அதில் என்ன அரசியல் என்று கேட்கிற தோழர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1869இல் லண்டன் இனவியல் சங்கத்தைச் சேர்ந்த லாம்ப்ரே என்பவர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். மரச்சட்டத்தில் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இரண்டு அங்குலக் கட்டங்களாக்கி, அதன் முன் மனிதர்களை ஆடையில்லாமல் நிறுத்திப் படமெடுப்பது. கட்டத்தை எண்ணினால் உடம்பின் அளவு கிடைத்துவிடும். ஒரு இனத்தை இன்னொரு இனத்தோடு ஒப்பிடலாம். அதுவும் ஒரு படுதாதான். அந்த அளவெடுக்கும் வெறி இங்கேயும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்து குறித்து, 1909இல் ஏழு தொகுதிகளாக 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' வெளியிட்டார். அளக்கப்பட்டவர்கள் யார், அளவுகோல் யார் கையில் இருந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் படங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்மைத் தேடி வருகிற பத்திரிகைக்காரர்களும் தொண்டு நிறுவனத்தாரும். இவர்களுக்குப் படுதாவே வேண்டாம். இடிந்த சுவர், சரிந்த கூரை, ஒடுங்கின அலுமினியக் குண்டான் இருந்தால் போதும். எங்கள் தெருவில் மாடி வீடு கட்டியவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. படமெடுக்க வந்த ஒருவர் அந்த வீடுகளைத் தாண்டித் தாண்டிப் போய், யாரும் குடியில்லாத ஒரு கூரை வீட்டைக் கண்டுபிடித்து, அதன் வாசலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை உட்கார வைத்தார். அவள் சீருடையைக்கூட மாற்றிவிட்டு வரச் சொன்னார். டவுன் ஸ்டுடியோக்காரன் நம்மை அரண்மனையில் நிறுத்துகிறான், இவர் குட்டிச்சுவரில் நிறுத்துகிறார். நம்மைக் கேட்டு யாரும் நிறுத்தவில்லை.

கூத்தில் இருக்கிற திரையை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆள் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரன் பாடுவான், சலங்கை கேட்கும், கிரீடம் மட்டும் மேலே தெரியும். திரை விலகினால் ஆள். பின்னால் மலையுமில்லை, மாளிகையுமில்லை. துரியோதனன் ராஜா என்பதைத் துணி சொல்லாது, அவன் நிற்கிற நிலை சொல்லும். மாளிகை வரைந்த படுதாவெல்லாம் கம்பெனி நாடகத்தோடு வந்தது. ஸ்டுடியோவின் படிக்கட்டும் தூணும் அந்த நாடகச் சீன்களுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். எது நல்ல படுதா?

கடைக்காரனும், படம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர்களும் ஒரே குரலில் சொல்வது, முதலில் வெள்ளை வாங்கு என்பது. பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளை வேண்டும் என்பது வாஸ்தவம், அதற்கு ஒரு துண்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் வெள்ளையை எல்லோருக்கும் பொதுவான படுதா என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் சூது இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கிற வெளிச்சமானி உலகத்தைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. மேலே விழுகிற வெளிச்சத்தில் பதினெட்டு விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். சட்டம் முழுக்க வெள்ளைத் துணி நிறைந்தால், 'அய்யோ வெளிச்சம் ஜாஸ்தி' என்று கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளுத்த முகம் அந்தக் குறைப்பைத் தாங்கும். நம் முகம் கண்ணும் பல்லுமாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, "உங்க ஆளுங்க கலருக்கு இவ்ளோதான் வரும்" என்பான் ஸ்டுடியோக்காரன். தம்பி இதை ஆறு வருஷம் காதால் கேட்டிருக்கிறான். கணக்கு முகத்தை வைத்துப் போட வேண்டும், துணியை வைத்துப் போடக் கூடாது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முகத்தில் மட்டும் வெளிச்சத்தை அளந்து, அதைப் பூட்டிக்கொண்டு எடுத்தால் அதே வெள்ளைக்கு முன்னாலும் நம் முகம் வரும். அப்போதும் ஆளைத் துணிக்கு ஒட்டி நிறுத்தினால் துணியிலிருந்து தெறிக்கிற வெள்ளை கன்னத்தோரத்தைத் தின்றுவிடும்.

வண்ணப் படத்தின் கதையும் இதுதான். பிரிண்டு போடுகிற இடங்களில் நிறம் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஒரு அட்டை அனுப்பி வந்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் உலகமே சரி.

கருப்பு படுதா வாங்கினால்? நம் தலைமுடியும் தோளும் அதற்குள் போய்விடும், தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பின்னாலிருந்து தோளில் ஒரு விளக்கு விழ வேண்டும். ரெண்டே விளக்கு வைத்திருக்கிறவனுக்கு அது தலைவலி. பச்சை வேண்டவே வேண்டாம் என்றேன். பச்சையில் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவார்கள். சின்ன அறையில் பச்சை கழுத்திலும் தாடையிலும் தெறித்து, ஆள் பித்தம் பிடித்தவன் மாதிரி இருப்பான். பின்னணியை வெட்டுகிற கருவி சுருட்டை முடியை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சிலும்பி நிற்கிற முடியையெல்லாம் கத்தரித்துத் தலையை வழுவழு என்று ஆக்கிவிடும். என் தலையை அப்படி ஆக்கியதை நான் பார்த்தேன். எங்கள் பாட்டி இரண்டு கை எண்ணெய் தடவியும் செய்ய முடியாத காரியம் அது.

சாம்பல்தான் சரி என்று பட்டது. அதிலும் நீலம் ஓடிய சாம்பல் கூடாது, அது நம் தோலைச் சாம்பல் பூத்த மாதிரி காட்டும். கொஞ்சம் பழுப்பு கலந்த சாம்பல். அதில் ஒரு வசதி உண்டு. தனி விளக்குப் போட்டால் வெளுப்பாகும், விளக்கில்லாமல் ஆளைத் தள்ளி நிறுத்தினால் இருண்டுவிடும். ஒரே துணி மூன்று துணியாக உழைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் விளக்கின் வெளிச்சம் கால் பங்காகக் குறைவதுதான் இதன் ரகசியம். தம்பியின் அறை பன்னிரண்டு அடி. படுதாவுக்கும் ஆளுக்கும் நாலடி, ஆளுக்கும் கேமராவுக்கும் ஆறடி, மிச்சம் இரண்டடியில் தம்பி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பான்.

என்ன துணி என்பது அடுத்த சண்டை. பெரிய ஸ்டுடியோக்களில் தடித்த காகிதச் சுருள் தொங்கும். மடிப்பே இருக்காது, தரையில் வளைந்து இறங்கும். அதன் பெரிய அகலம் 2.72 மீட்டர். தம்பி அறைக்குள் அது ஸ்டாண்டோடு நுழையாது. பாதிச் சுருள் 1.35 மீட்டர், ஒற்றை ஆளுக்குச் சரி, நம் வீடுகளில் யார் ஒற்றை ஆளாக வந்து படமெடுக்கிறார்கள்? அதுவுமில்லாமல் மிதிபட்டு அழுக்கான பகுதியை வெட்டி எறிந்துகொண்டே போக வேண்டும். வெட்டி எறிகிற பொருள் நமக்கு ஆகாது. விலை மலிவு என்று அவன் ஏற்கெனவே ஒன்று வாங்கி வந்திருந்தான், துணிக்கடைப் பை தைப்பார்களே, அந்த நெய்யாத துணி. ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தென்னைமரம் தெரிகிறது. மடிப்புக்கு இஸ்திரி வைத்தான், உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. முந்நூறு ரூபாய் போச்சு. சாட்டின் மாதிரி பளபளப்பதும் ஆகாது, விளக்கு அதில் விழுந்து ஆளுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு நிற்கும். கடையில் வாங்குமுன் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கைக்குள் கசக்கி விட்டுப் பார்க்க வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறுவது தடித்த பருத்தித் துணி.

ஈரோட்டிலிருந்து காடாத் துணி வரவழைத்தோம். நெசவு வியாபாரத்தில் வெளுக்காத காடாவைக் 'கிரே' என்பார்கள், பார்த்தால் அது சாம்பலாக இருக்காது, பழுப்பாக இருக்கும். பாவுக்குப் போட்ட கஞ்சி போக இரண்டு நாள் ஊறவைத்துத் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாய் நிற்கும். துவைத்தும் சாயம் திட்டாகத்தான் வந்தது. சுவருக்கு அடிக்கிற பளபளப்பில்லாத எமல்ஷனை வெள்ளை, கருப்பு, துளி பழுப்பு என்று கலந்து ரோலரால் அடித்தோம். திட்டு முழுக்கப் போகவில்லை, ஆனால் ஆளை நாலடி தள்ளி நிறுத்தினால் அந்தத் திட்டெல்லாம் கரைந்து மேகம் மாதிரி ஆகிவிடுகிறது. மடித்து வைத்தால் பெயிண்ட் வெடிக்கும். பி.வி.சி. குழாயில் சுருட்டி வைத்திருக்கிறான்.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, நம் அழகியலைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் கொஞ்சம் மிதப்பில் இருந்தேன். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து கருப்பர் விடுதலைக்குப் பேசிய பிரெடெரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுத்துக்கொண்டவர். நூற்று அறுபது படம்போலத் தேறும். பூச்சாடியோ தூணோ வேண்டாம் என்று பெரும்பாலும் வெறும் படுதாவுக்கு முன்னால் உட்கார்ந்து நேராக முறைப்பார். அவர் படங்களைத் தம்பிக்குக் காட்டி, "பார்த்தியா, பின்னாடி ஒண்ணுமில்ல, முகந்தான் இருக்கு" என்று பாடம் நடத்தினேன்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். "எல்லாம் சரிக்கா. ஆனா வர்றவங்க அருவி கேக்கறாங்க. தாஜ்மகால் கேக்கறாங்க. மஞ்சத்தண்ணி ஊத்துன புள்ளைக்குப் பின்னாடி மயில் வேணுங்கறாங்க. நீ சாம்பலத் தொங்கவிட்டா எழவு வீடு மாதிரி இருக்குன்னு டவுனுக்கே போயிடுவாங்க."

இது எனக்குக் கிடைத்த சரியான அடி. அரண்மனைப் படுதாவைப் பொய் என்று சொல்ல நான் யார்? நம் சனம் குட்டிச்சுவருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும் என்று நினைத்த அந்தப் படக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மாலி நாட்டில் பமாக்கோ நகரில் செய்து கெய்த்தா என்பவர் 1948இல் தன் குடும்பத்து மனையிலேயே ஸ்டுடியோ திறந்தார். தச்சு வேலை கற்றவர். முற்றத்து வெயிலில்தான் பெரும்பாலும் எடுத்தார். முதல் படுதா அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு, ஓரத்தில் குஞ்சம் வைத்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை துணியை மாற்றுவார். பின்னாளில் எந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது என்பதைப் பின்னால் தொங்குகிற துணியை வைத்துத்தான் அடையாளம் சொன்னார். அவரிடம் வந்தவர்கள் ஸ்டுடியோவிலிருந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்கள், ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், ஸ்கூட்டர்மேல் சாய்ந்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் கருப்பு மனிதர்கள் தாங்கள் எப்படி இருக்க ஆசைப்பட்டார்களோ அப்படி இருந்தார்கள். பூப்போட்ட உடைக்குப் பின்னால் பூப்போட்ட துணி, இருந்தும் முகம் ஒன்றுகூட அமுங்கவில்லை.

ஆக, அம்மாவின் படத்தில் குற்றம் படிக்கட்டில் இல்லை. படிக்கட்டில் ஏற அவளுக்கும் ஆசை இருந்திருக்கலாம், நான் கேட்டதே இல்லை. அந்தத் தூணின் நிழலை எந்த முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்துக் கருப்படித்தார்கள் என்பதுதான் கேள்வி. அவள் முகம் அந்த ஸ்டுடியோவின் கணக்கிலேயே இல்லை. அருவி கேட்கிறவர்களுக்கு அருவி கொடு, ஆனால் அந்த அருவியின் வெளிச்சம் முகத்தைவிட இரண்டு படி குறைந்திருக்கட்டும், முகத்துக்கு நேர் பின்னால் வெள்ளை நுரை வராதபடி ஆளை நிறுத்து என்று தம்பியிடம் சொன்னேன். தலையாட்டினான். கடையில் விற்கிற அச்சடித்த அருவியில் அது முடியாது, நாமே வரைய வேண்டும் என்றான். யார் வரைவது என்பதில் நிற்கிறது.

நீலமும் ஒன்று அடித்து வைத்திருக்கிறான். கூட்டங்களுக்குப் படம் எடுக்கும்போது பையன்கள் கேட்பார்கள் என்று. அம்பேத்கர் சிலையின் கோட்டு நீலத்தைவிட இரண்டு மடங்கு இருட்டாக, பளபளப்பில்லாமல் அடிக்கச் சொன்னேன். நம் தோலின் நிறம் ஆரஞ்சு பக்கம் சேர்ந்தது, நீலம் அதற்கு நேர் எதிர். எதிர் நிறத்துக்கு முன்னால் பழுப்பு எழுந்து நிற்கும். கட்சிக்காரப் பையன்களுக்கு இந்தக் காரணமெல்லாம் தேவைப்படவில்லை, நீலம் என்றதும் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

முதலில் உட்கார வைத்தது பெரியம்மாவைத்தான். அவளுக்கு எழுபதுக்கு மேல். "இப்பவே எடுத்து வச்சிருங்கடா, செத்த பிறகு வெள்ளயடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாம்பல் படுதாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பின்னாடி ஒண்ணுமே இல்லியேடா, சாணி மொழுகுன செவுரு மாதிரி வச்சிருக்க?" தம்பி முகத்தில் அளந்து எடுத்தான். திரையில் பெரிதாக்கிக் காட்டினான். நெற்றிச் சுருக்கம், தோடு இழுத்துத் தொங்குகிற காது, கருப்பு கருப்பாகவே இருக்கிறது. நெடுநேரம் பார்த்தாள். "நாந்தான்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். உள்ளே ஒரு கருநீல நூல் புடவை, அரக்குக் கரை. அம்மாவின் கல்யாணத்துக்குப் பெரியம்மா கட்டியதாம். "இதப் பின்னாடி கட்டு, இன்னொன்னு எடு" என்றாள். புடவையின் அகலம் நாலடிக்குச் சற்றுக் குறைவு, நெடுக்கில் கட்டினால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் போதும். தம்பி அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். அங்கங்கே இழை விட்டிருந்தது. பின்னால் சாம்பல் துணியைத் தொங்கவிட்டால் சரியாய்ப் போகும் என்றான். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டாள். உள்ளே தம்பி இஸ்திரிப் பெட்டியைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தான்.